கடன் தீர்ந்த பிறகு எதற்கு மனந்திரும்புதல்?

வந்த கேள்வி இதுதான், கொஞ்சம் சுருக்கித் தருகிறேன். "இயேசு என் பாவங்களுக்காக மரித்து எல்லாவற்றையும் முடித்துவிட்டார் என்று நம்புகிறேன். அப்படியிருக்க வாராவாரம் பாவ அறிக்கை, மனந்திரும்புதல் என்று ஏன் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்? தீர்ந்த கணக்கை மறுபடியும் திறப்பது அவருடைய பலியைக் குறைத்துப் பேசுவது ஆகாதா? இன்னொன்று. திருவிருந்தில் நன்றி சொல்லும்போது வாய் சொல்கிறது, உள்ளே ஒன்றும் அசைவதில்லை. நான் உண்மையில் இரட்சிக்கப்பட்டவன்தானா?" அதற்குக் கீழே, அடைப்புக்குறிக்குள் போட்டதுபோல் ஒரு வரி: "இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, அண்ணனோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது."

அந்தக் கடைசி வரிக்குப் பிறகு வருகிறேன்.

முதலில், கேள்வியில் பாதி சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தீர்ந்த கணக்குதான். எபிரெயர் நிருபம் 10ஆம் அதிகாரத்தில் ஓர் அழகான இடம் உண்டு. பழைய ஏற்பாட்டு ஆசாரியன் நாள்தோறும் நிற்கிறான், ஒரே விதமான பலிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்துகிறான். கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்திவிட்டு உட்கார்ந்தார். ஆசரிப்புக் கூடாரத்தில் மேஜை உண்டு, குத்துவிளக்கு உண்டு, தூபபீடம் உண்டு; ஆசாரியன் உட்கார ஓர் இருக்கை இருந்ததாக எங்கும் சொல்லப்படவில்லை. வேலை முடிந்தால்தானே உட்கார முடியும்? கொலோசெயர் 2:14 இன்னும் ஒரு படி போகிறது. நமக்கு விரோதமான "கையெழுத்தைக்" குலைத்துச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்கிறது. அங்கே மூலத்தில் உள்ள சொல், கடன் வாங்கியவன் தன் கையாலேயே எழுதிக்கொடுக்கும் கடன் பத்திரத்தைக் குறிப்பது. நாமே எழுதிக் கையொப்பமிட்ட பத்திரம் அது. மறுக்க வழியில்லாத அந்தப் பத்திரத்தைக் கிழித்தவர் அவர். ஆகவே, "நான் போதுமான அளவு அழுதால்தான் மன்னிப்பு" என்று யாராவது சொன்னால், உங்கள் எரிச்சல் நியாயமானது.

ஆனால் கணக்கு தீர்ந்ததற்கும் மனந்திரும்புதலுக்கும் நீங்கள் போட்ட முடிச்சுதான் தவறு. மனந்திரும்புதலை ஒரு தவணைப் பணமாக நினைத்துவிட்டீர்கள். தவணை என்றால், கடன் தீர்ந்தபின் கட்டுவது அபத்தம்தான். அது தவணையே அல்ல என்றால்?

லேவியராகமம் 16ஆம் அதிகாரத்துக்கு ஒரு தரம் போய்வரலாம். பாவநிவிர்த்தி நாள், ஏழாம் மாதம் பத்தாம் தேதி. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் கொண்டுவரப்படும். சீட்டுப்போட்டு ஒன்று கர்த்தருக்கு, அது பலியாகும். மற்றொன்றுக்குத் தமிழ் வேதாகமம் வைத்திருக்கும் பெயர் "போக்காடு". பிரதான ஆசாரியன் தன் இரண்டு கைகளையும் உயிரோடிருக்கும் அந்த ஆட்டின் தலையில் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிட்டு, அவற்றை அதன் தலைமேல் சுமத்தி, ஓர் ஆள் கையில் கொடுத்து வனாந்தரத்துக்கு ஓட்டிவிட வேண்டும். நாம் பேச்சுவழக்கில் "பலிகடா ஆக்கிவிட்டார்கள்" என்கிறோமே, அது வெட்டப்படும் ஆடு. இது வெட்டப்படுவதில்லை, போகிறது. பாளயத்தின் ஓரத்தில் நின்று பார்க்கிற ஒருவனை நினைத்துப் பாருங்கள். ஆடு சின்னதாகிக்கொண்டே போகிறது. கூட்டிப்போகிறவனும் சின்னதாகிறான். வெயிலில் ஒரு புள்ளி, அப்புறம் அதுவும் இல்லை. அவன் செய்தது எல்லாம் அந்தப் புள்ளியோடு போயிற்று. மேற்குக்கும் கிழக்குக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் என்று 103ஆம் சங்கீதம் சொல்வது இப்படி ஒரு கண்ணுக்குத்தான் முழுதாகப் புரிந்திருக்கும்.

சரி, அன்றைக்கு ஜனங்கள் என்ன செய்ய வேண்டும்? 29ஆம் வசனம் இரண்டே காரியங்களைச் சொல்கிறது. ஒன்று, ஒரு வேலையும் செய்யக் கூடாது. இரண்டு, தங்கள் ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்த வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க எனக்குப் பல வருஷம் பிடித்தது. பாவநிவிர்த்திக்கு அவர்கள் பங்களிப்பு பூஜ்யம். கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பவன் வேடிக்கை பார்ப்பவனாக இருக்கக் கூடாது. ஆட்டின்மேல் போகிற சுமையில் தன் பங்கு எது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் இலவசம், ஆனாலும் தாழ்மை வேண்டும். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த ஒரு வசனத்திலேயே இருக்கிறது.

தமிழ்ச் சொல் ஒன்று இங்கே நம்மைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். பரிகாரம், பிராயச்சித்தம் என்றால் நம் காதில் விழுவது, தப்புச் செய்தவன் செய்ய வேண்டிய ஏதோ ஒன்று. மனிதன் செய்வான், தெய்வம் ஏற்கும். சிலுவையைப்பற்றி அப்போஸ்தலர்கள் பேசும்போது வாக்கியத்தின் எழுவாய் மாறிவிடுகிறது. ரோமர் 3:25ஐப் பாருங்கள்: கிருபாதார பலியாக அவரை ஏற்படுத்தியது யார்? தேவன். யாருக்கு எதிராகக் குற்றம் நடந்ததோ அவரே பரிகாரத்தையும் செய்கிறார். நாமோ பழக்கதோஷத்தில், எழுவாயை மறுபடியும் "நான்" ஆக்கிவிடுகிறோம். நான் அழுதேன், நான் உபவாசித்தேன், நான் பொருத்தனை செய்தேன். மனந்திரும்புதல் இப்படித்தான் பரிகாரமாக மாறிவிடுகிறது.

சிலுவையில் நடந்தது எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சபை வரலாற்றில் பல விளக்கங்கள் உண்டு. கெடுக்கப்பட்ட தேவ கனத்துக்கு ஈடு என்று 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறையியலாளர் ஆன்செல்ம் எழுதினார். கல்நெஞ்சை உருக்கும் அன்பின் வெளிப்பாடு என்று அடுத்த தலைமுறையில் அபெலார்டு அழுத்தினார். நமக்குப் பதிலாகத் தண்டனையைச் சுமந்தார் என்பதைச் சீர்திருத்தக்காரர்கள் கூர்மையாக்கினார்கள். பாவம், மரணம், சாத்தான்மேல் கிடைத்த வெற்றி என்ற பழைய பார்வையை 20ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு இறையியலாளர் கஸ்டாஃப் அவுலேன் மறுபடியும் முன்வைத்தார். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை அடிக்கிற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. வேதம் பலிபீடம், நீதிமன்றம், கடன், அடிமை மீட்பு, போர்க்களம் என்று எல்லா இடங்களிலிருந்தும் படம் எடுத்துப் பேசுகிறது. எந்தப் படத்தை எடுத்தாலும் நாம் பெறுகிறவர்கள் என்பது மட்டும் மாறுவதில்லை.

இப்போது மனந்திரும்புதல் என்ற சொல். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் "மெத்தனோயா", மனம் மாறுவது. பழைய ஏற்பாட்டில் தீர்க்கதரிசிகள் பயன்படுத்தும் எபிரெயச் சொல் "ஷூப்", போன வழியிலிருந்து திரும்பி வருவது. கிரேக்கம் மனத்தைப் பார்க்கிறது, எபிரெயம் காலைப் பார்க்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் "மனந்திரும்புதல்" என்று ஒரே சொல்லில் இரண்டையும் கட்டிவிட்டார்கள்: மனமும் உண்டு, திரும்புதலும் உண்டு. ரோமர் 2:4இல் இன்னொரு சொல் வருகிறது, "குணப்படும்படி". தேவதயவு நீ குணப்படும்படி உன்னை ஏவுகிறது என்கிறார் பவுல். இன்று குணப்படுதல் என்றால் நோய் நீங்குவது. அந்த அர்த்தத்தோடு வாசித்தாலும் வசனம் கெட்டுப்போவதில்லை. ஏவுவது எது என்று மட்டும் கவனியுங்கள். தேவகோபம் என்று அவர் எழுதவில்லை. தயவு என்றுதான் எழுதினார்.

லத்தீன் வேதாகமத்தில் "மனந்திரும்புங்கள்" என்ற இடம் ஏறக்குறைய "தவம் செய்யுங்கள்" என்று கேட்கும்படி இருந்தது. 1516இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, அதன் குறிப்புகளில் இந்தச் சொல்லையும் கிளறினார். மறு வருஷம், 1517இல், மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கூற்றுகளில் முதலாவதே இதுதான்: நம் கர்த்தர் மனந்திரும்புங்கள் என்றபோது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். 1518இல் தன் ஆன்மிக வழிகாட்டி ஸ்டாப்பிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு காலத்தில் தனக்கு வேதத்திலேயே மிகக் கசப்பாக இருந்த அந்தச் சொல் இப்போது இனிப்பாகிவிட்டது என்கிறார். காரணம்: தேவன்மேல் வரும் அன்பில்தான் மனந்திரும்புதல் தொடங்குகிறது, அன்பு அதன் முடிவில் கிடைக்கும் பரிசல்ல என்று அவருக்குப் புரிந்தது. (இதை வைத்துக் கத்தோலிக்கச் சகோதரர்களைச் சாட வேண்டாம். மனத்துயர் இல்லாத வெறும் பரிகாரச் செயல் போதும் என்று அவர்கள் போதனையும் சொல்வதில்லை.)

இன்னும் ஒரு சான்று, எனக்கு மிகவும் பிடித்தது. 1563இல் வெளிவந்த ஹைடல்பெர்க் வினாவிடை என்ற போதனை நூலில் 129 கேள்விகள், மூன்று பாகங்கள். மனிதனின் அவலம், அவனுடைய மீட்பு, அவனுடைய நன்றி. மனந்திரும்புதலைப்பற்றிய கேள்விகள் எந்தப் பாகத்தில் இருக்கும்? முதல் பாகம் என்று நான் பந்தயம் கட்டியிருப்பேன். அங்கே இல்லை. 88ஆம் கேள்வியில், நன்றி என்ற மூன்றாம் பாகத்தில் இருக்கிறது. பழைய மனிதன் சாவதும் புதிய மனிதன் உயிர்ப்பதும்தான் மனந்திரும்புதல் என்று சொல்லி, அதைக் கொண்டுபோய் நன்றியின் கீழ் வைத்துவிட்டார்கள். இதற்குமேல் நான் என்ன விளக்க? மனந்திரும்புதல் மன்னிப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல. மன்னிக்கப்பட்டவன் நன்றி சொல்லும் விதம் அது.

இது மனிதர்கள் வகுத்த வரிசைதானே என்றால், சுவிசேஷத்திலேயே பார்க்கலாம். சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்த இளைய குமாரன் பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். லூக்கா 15:18, 19இல் அது முழுதாக இருக்கிறது: பாவஞ்செய்தேன், இனிமேல் குமாரன் எனப்பட நான் பாத்திரன் அல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். 21ஆம் வசனத்தில் தகப்பனிடம் அதே பேச்சைச் சொல்கிறான், இரண்டு வாக்கியம்தான் வருகிறது. கூலிக்காரன் வாக்கியத்தைக் காணோம். அதற்குள் தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். உழைத்துக் கடனை அடைக்கிறேன் என்ற அந்த மூன்றாவது வாக்கியத்தைச் சொல்ல இடமே தரப்படவில்லை. முதல் இரண்டைச் சொல்ல வேண்டாம் என்று தகப்பன் தடுக்கவும் இல்லை. பாவ அறிக்கைக்கு இடம் உண்டு, தவணைத் திட்டத்துக்கு இடம் இல்லை.

வரி வசூலிப்பவனான சகேயு கதையிலும் இதே வரிசை. மரத்தில் இருந்தவனைப் பார்த்து, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும் என்று இயேசு முதலில் சொல்லிவிட்டார். நிபந்தனை ஒன்றும் போடவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு என்றும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புகிறேன் என்றும் சொல்கிறான். எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தின்படி, தானே அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். திருடிய ஆட்டை விற்றோ அடித்தோ விட்டவனுக்குத்தான் நாலு மடங்கு. சகேயு தன்னைத் தானே ஆடு திருடின கணக்கில் சேர்த்துக்கொண்டான். யாரும் அவனிடம் கேட்கவில்லை. கேட்காமலே கை அப்படி விரிந்தால் அதற்கு நன்றி என்று பெயர்.

"ஒருதரம் மனந்திரும்பியாயிற்றே, ஏன் திரும்பத் திரும்ப?" என்ற பகுதிக்கு யோவான் 13:10ஐவிட நேரான பதில் இல்லை. கால் கழுவ வந்த இயேசுவிடம் பேதுரு, அப்படியானால் தலையையும் கைகளையும் கூடக் கழுவும் என்கிறான். முழுகினவன் கால்களை மட்டும் கழுவினால் போதும் என்கிறார் அவர். மறுபடியும் முழுக வேண்டியதில்லை. ஆனால் நடந்த காலில் தூசி இருக்கும். முழுகியாயிற்று என்பதைக் காரணம் காட்டிக் காலை நீட்ட மறுப்பவனை என்ன சொல்வது?

அதோடு, நமக்கு எது பாவம் என்பதே ஒரே நாளில் தெரிந்துவிடுவதில்லை. ஜான் நியூட்டன் கதையைப் பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 1748இல் கடலில் புயல், கப்பல் முழுகும் நிலை, தேவனைக் கூப்பிட்டான், மனந்திரும்பினான், "அமேசிங் கிரேஸ்" பாட்டை எழுதினான் என்று சாட்சிக் கூட்டங்களில் முடித்துவிடுவார்கள். அந்தப் புயலுக்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவரானார். 1750 முதல் 1754 வரை. கப்பலில் ஜெபம் நடத்துவார். அடித்தளத்தில் சங்கிலியில் மனிதர்கள் கிடப்பார்கள். விட்டதற்குக் காரணமும் உடல்நலக் குறைவுதான். அந்தப் பாட்டு 1773இன் முதல் நாளுக்காக எழுதப்பட்டது. அடிமை வியாபாரத்தைப் பகிரங்கமாகக் கண்டித்து, தானும் அதில் கருவியாக இருந்தேன், இன்று நினைத்தால் இருதயம் நடுங்குகிறது, இந்த அறிக்கை மிகவும் தாமதமாக வருகிறது என்று அவர் துண்டுநூல் வெளியிட்டது 1788இல். புயலுக்கு 40 வருஷம் கழித்து, பாட்டுக்கு 15 வருஷம் கழித்து! 1748இல் அவர் பெற்ற கிருபை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கிருபை அவருடைய கப்பலின் அடித்தளம்வரை இறங்க அத்தனை வருஷம் ஆயிற்று. 1748லேயே என் கணக்கு முடிந்தது என்று அவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தால்? இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் என் கப்பலின் அடித்தளத்தில் யார் கிடக்கிறார்கள் என்று ஒரு பயம் வரும்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி, ஒன்றும் அசையவில்லை என்பது.

உணர்ச்சியை அளவுகோலாக வைக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் அதோடு விடமாட்டேன். மத்தேயு 27இல் யூதாசைப் பாருங்கள். மனஸ்தாபப்படுகிறான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுவருகிறான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன், பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்கிறான். துக்கம் உண்டு, அறிக்கை உண்டு, திருப்பிக்கொடுத்தலும் உண்டு. மூன்றையும் கொண்டுபோய் வைத்தது எங்கே? பிரதான ஆசாரியர் முன்னால். கிடைத்த பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." மனிதனை அவன் பாவத்தோடு தனியே விட்டுவிட இதைவிடக் குரூரமான மூன்று சொற்கள் உண்டா தெரியவில்லை. பேதுருவும் அதே இரவில் மூன்று தரம் மறுதலித்து, மனங்கசந்து அழுதான். அவனிடம் திருப்பிக்கொடுக்கக் காசுகூட இல்லை. ஆனால் கரையில் நிற்பவர் கர்த்தர் என்று கேட்டதும் கடலில் குதித்து அவரிடமே வந்தான். அங்கே கரிநெருப்பு போட்டிருந்தது. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்ந்தபடி மறுதலித்தபோது எரிந்ததும் கரிநெருப்புதான். புதிய ஏற்பாட்டில் மூலத்தின் அந்தச் சொல் வருவதே இந்த இரண்டு இடங்களில். தோற்ற இடத்தின் வாசனையையே ஏற்பாடு செய்து, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டு, மூன்று தரமும் வேலையைக் கொடுக்கிறார். இருவருக்கும் அழுகை உண்டு. வித்தியாசம், யாரிடம் திரும்பினார்கள் என்பதில். 2 கொரிந்தியர் 7:10இல் பவுல் தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம் என்று பிரிப்பதும் இதைத்தான் என்று வாசிக்கிறேன்.

நன்றிக்கும் இதே கதை. ஸ்தோத்திரம் என்ற சொல்லை நாம் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம்? வணக்கத்துக்கு ஸ்தோத்திரம், போனை வைக்க ஸ்தோத்திரம், ஜெபத்தில் அடுத்த வாக்கியம் வராவிட்டால் அந்த இடத்தை நிரப்பவும் ஸ்தோத்திரம். தேய்ந்துபோன சொல்லில் சூடு தேடினால் கிடைக்காது. லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகள். ஆசாரியரிடம் போய்க் காண்பியுங்கள் என்றார், பத்துப் பேரும் கீழ்ப்படிந்து போனார்கள், போகிற வழியிலேயே சுத்தமானார்கள். ஒருவன் மட்டும் தன் தோலைப் பார்த்தான். 15, 16 வசனங்களில் அவனைப்பற்றிய வினைச்சொற்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: கண்டு, திரும்பிவந்து, மகிமைப்படுத்தி, விழுந்து, ஸ்தோத்திரஞ்செலுத்தினான். முதலில் கண்டான். திரும்பியது அதன் பிறகு, ஸ்தோத்திரம் வந்தது கடைசியில்தான். ஸ்தோத்திரம் என்ற இடத்தில் மூலத்தில் உள்ள வினைதான் திருவிருந்தைக் குறிக்கும் "யூக்கரிஸ்து" என்ற சொல்லுக்கும் வேர். நாம் நேராகக் கடைசி வினையில் ஆரம்பிக்கிறோம். காணவும் இல்லை, திரும்பவும் இல்லை, நன்றி மட்டும் சொல்கிறோம். உள்ளே அசையாவிட்டால் அதில் ஆச்சரியம் என்ன?

எதைக் காண்பது? இங்கேதான் "எனக்காக" என்ற சொல் வருகிறது. உலகத்தின் பாவத்தைச் சுமந்தார் என்பது உண்மை, ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்வது சுலபம். "நாங்கள் பாவிகள்" என்று ஐந்நூறு பேரோடு சேர்ந்து வாசிப்பதில் யாருக்கும் வலிப்பதில்லை. பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவுக்கும் அப்படித்தான். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து வைத்த பணக்காரன் கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னபோது ராஜாவுக்குக் கோபம் பொங்கியது. நாலத்தனையாய்த் திருப்பித் தரவேண்டும் என்று சட்டம்கூடச் சரியாகச் சொன்னான். அடுத்தவன் பாவத்தில் நமக்கு வேதஅறிவு எப்போதுமே கூர்மை. "நீயே அந்த மனுஷன்" என்ற பிறகுதான் 51ஆம் சங்கீதம் பிறக்கிறது. அதை எடுத்து வாசியுங்கள், "என்" என்ற சொல் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணக்கில் நான் செய்த ஒரு பிழையை, பக்கத்து மேஜைக்காரர் செய்ததாக மேலே நினைத்துக்கொண்டார்கள். நான் பொய் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அந்த "பொய் சொல்லவில்லை" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு பல வருஷம் திருவிருந்தில் கண்ணீரோடு நின்றிருக்கிறேன். உணர்ச்சிக்குக் குறைவே இல்லை. ஒரு நாள் கூட அவரைத் தேடிப் போகவில்லை. கடைசியில் போனபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். திண்ணையில் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். திருகாணியைக் கையில் வைத்தபடியே கேட்டார். "எந்த வருஷம்?" என்றார். சொன்னேன். "அந்த வருஷம்தான் எனக்கு இன்கிரிமென்ட் நின்றது" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிப்பிடிக்கவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். குடித்துவிட்டு வந்தேன். பழைய அலுவலகத்துக்கு, பிழை என்னுடையது என்று ஒரு கடிதம் எழுதினேன். அதனால் அவருக்கு ஒரு காசு திரும்பக் கிடைத்திருக்காது. மனசு லேசாகிப் பறந்தது என்று சொன்னால் அது பொய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பத்தைக் கையில் வாங்கினபோது அது ஓர் அப்பத்தின் கனத்தோடு இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். எனக்காகப் பிட்கப்பட்டது என்று சொன்னால் எதற்காக என்று அன்றைக்குத் தெரிந்தது.

இரட்சிக்கப்பட்டவனா என்ற கேள்விக்கு என் பதில் இதிலேயே அடக்கம். உங்களுக்குள் தேடாதீர்கள், அங்கே எப்போதும் வானிலை மாறிக்கொண்டே இருக்கும். நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால் மன்னிப்பதற்கு அவர் "உண்மையும் நீதியும் உள்ளவர்" என்கிறது 1 யோவான் 1:9. இரக்கமுள்ளவர் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நீதியுள்ளவர் என்று போட்டிருக்கிறது. கடன் உண்மையிலேயே தீர்ந்ததால், மறுபடியும் வசூலிப்பது அநீதி. உங்கள் நிச்சயம் நிற்பது அங்கே. அந்த வசனம் விசுவாசிகளுக்கு எழுதினது என்பதையும் கவனியுங்கள். கிழித்த பத்திரத்தை மறுபடி ஒட்டுவதற்காக யோவான் அதை எழுதவில்லை. பத்திரம் கிழிந்தது என்று தெரிந்தவனுக்குத்தான் தன் கடன் எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரும்.

இப்போது அந்தக் கடைசி வரி. அண்ணன்.

சம்பந்தம் உண்டா தெரியவில்லை என்று எழுதினீர்கள். நாலு பத்தி வேதாந்தம் எழுதின கை, கடைசியில் அந்த ஒரு வரியை ஏன் எழுதியது? என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தப்பு அவர்மேலேயே அதிகம் இருக்கலாம். மத்தேயு 18இல் வரும் உவமையில் ஓர் ஊழியக்காரனுக்கு ராஜா மன்னித்த கடன் பதினாயிரம் தாலந்து, நாள் கூலிக் கணக்கில் ஏறக்குறைய ஆறு கோடி நாள் உழைப்பு. அந்த ஊழியக்காரன் உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்தது நூறு வெள்ளிப்பணத்துக்கு. அதை அற்பக் காசு என்று பிரசங்கிகள் சொல்லிவிடுவார்கள். அற்பம் அல்ல, நூறு நாள் கூலி. மூன்று மாதத்துக்கு மேல் ஒரு குடும்பம் சாப்பிடும். அண்ணன் உங்களுக்குச் செய்தது அந்த நூறு வெள்ளிப்பணமாக இருக்கலாம். உண்மையான கடன், உண்மையான வலி. அதை இல்லை என்று சொல்லும்படி வேதம் உங்களைக் கேட்கவில்லை. ராஜாவின் அறையிலிருந்து வெளியே வந்தவன் எந்த முகத்தோடு அவரைப் பார்க்கிறான் என்றுதான் கேட்கிறது.

மத்தேயு 5:23, 24இல், பலிபீடத்தினிடத்தில் காணிக்கையைச் செலுத்த வந்து, சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று இருக்கிறது. உனக்கு அவன்மேல் குறை என்று இல்லை, அவனுக்கு உன்மேல் குறை என்று. அவர் தரப்பிலிருந்து யோசித்துப் பார்த்து, உங்கள் பங்கு எது என்று ஒரே ஒரு காரியத்தையாவது பெயர் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு போங்கள், முடியாவிட்டால் போன் பண்ணுங்கள். மெசேஜ் வேண்டாம். உபதேசம் பண்ணாதீர்கள், வசனம் சொல்லாதீர்கள், நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்றும் ஆரம்பிக்காதீர்கள். கேட்கிறவருக்கு அது குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கும். "நான் ஏதாவது தப்புப் பண்ணியிருந்தால்" என்ற சொல்லும் வேண்டாம். அந்த "இருந்தால்"ஐ எடுத்துவிட்டுப் பேசுங்கள். பண்ணினேன், இன்னதைப் பண்ணினேன் என்று. அவர் போனை வைத்துவிடவும் கூடும். எந்த வருஷம் என்று கேட்கவும் கூடும்.